மர்மக் கதையும் வாசிப்போன் குரலும்

(யாழ்ப்பாணத்துத் தீவகத்திலுள்ள புளியங்கூடலில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இவ்வூர்ப் பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நிகழும் இச்சொற்பொழிவுகளுக்கு இலக்கணமும் சமயமும் வரலாறுமே பெரும்பாலும் விஷயங்களாக அமைந்து வந்திருக்க, துப்பறியும் கதைகளையும் திகிற் கதைகளையும் ஒலிநூலாகக் கேட்டு இன்புறுதலைப் பற்றியும், அவற்றை வாசிப்போரின் குரல் எத்தகையதாய் இருத்தல் வேண்டுமென்பதைப் பற்றியும் பேச நான் விரும்பியபோது, சற்றும் தயங்காது இசைவு தந்த அமைப்பாளர்களுக்கு முதற்கண் என் நன்றி உரியதாகுக. இவ்விஷயம் இம்மண்டபத்துக்குப் புறம்பானதென்று எண்ணுவோர் எவரேனும் இங்கே இருப்பின், அவர் சிறிது பொறுத்திருக்க வேண்டுகிறேன். ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கூடியிருந்து செவிமடுத்தல் என்பது யாழ்ப்பாணத்துக் கோயில் மண்டபங்களிலே தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்த ஒரு கலை; ஒலிநூல் என்று இன்று உலகம் கொண்டாடுவதன் இரகசியங்களிற் பல அம்மண்டபத்துக் கற்றூண்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை என்பதே நான் இன்று விரித்துரைக்கப் போவது.

ஒலிநூலின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1877 ஆம் ஆண்டிலே ஒலியைப் பதிந்து மீட்டும் யந்திரத்தைக் கண்டுபிடித்த எடிசன், அடுத்த ஆண்டிலே அதன் பயன்களை வரிசைப்படுத்தி எழுதிய கட்டுரையில், கட்புலன் இழந்தோருக்குப் பேசும் புத்தகங்களையும் ஒன்றாகக் குறித்தார். ஆயினும் அக்காலத்து உருளைகள் சில நிமிட ஒலிக்குமேல் தாங்கமாட்டாதனவாகையால் அவ்வெண்ணம் நிறைவேற அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. முதலாம் உலகப் போரிலே கண்ணிழந்து மீண்ட வீரர்களுள், வளர்ந்தபின் பிரெயில் எழுத்தை விரலாற் பயின்று படித்தல் பலருக்கு அரிதாயிருந்தமையின், அவர்கள் பொருட்டு நிகழ்ந்த முயற்சிகளின் பயனாக, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 25 நிமிடம் ஒலிக்கும் இசைத்தட்டுகளிலே 1935 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் பேசும் நூல்கள் வெளிவரலாயின. அங்ஙனம் முதலில் வெளிவந்தவற்றுள் ஒன்று ஜோசப் கொன்ராட் எழுதிய ‘டைபூன்’ என்னும் கடற்கதை. மற்றொன்று அகதா கிறிஸ்டி 1926 இல் வெளியிட்ட, ரோஜர் அக்ரோய்ட் என்பாரின் கொலையைப் பற்றிய துப்பறியும் நாவல். அறிஞர் பலர் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவந்த இக்கதை வகை, இருளில் இருந்தோருக்கு நீட்டப்பட்ட முதற் கைகளுள் ஒன்றாய் அமைந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அந்த நாவலைத் தெரிந்தெடுத்ததிலே ஒரு கடினமும் இருந்தது. அதன் கதையைச் சொல்பவர் கிராமத்து வைத்தியர் ஒருவர். அவர் தாம் கண்டவற்றையும் செய்தவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே செல்கிறார். ஆனால் யாவற்றையும் சொல்லிவிடுகிறார் என்று நாம் நம்புவதிலேதான் ஆசிரியையின் சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது. இங்கே அந்நூலைப் படியாதார் இருக்கக்கூடுமாகையால் முடிவை நான் வெளியிடேன். அதனை உரக்க வாசிப்பவர் மட்டும் அம்முடிவை முதல் வரியிலிருந்தே அறிந்திருக்கிறார். அறிந்திருந்தும், அவ்வைத்தியரின் குரலிலே கள்ளத்தின் சாயல் ஓரிடத்தில் ஏறினாலும் கதை அங்கேயே குலைந்துபோம். கள்ளமே இல்லாத வெண்மையான குரலில் வாசித்துவிட்டாலோ, முடிவை அறிந்து மீண்டும் கேட்பவர், தாம் வஞ்சிக்கப்பட்டதாக எண்ணுவர். முதன்முறை கேட்போனுக்கு நேர்மையாகவும் இரண்டாம் முறை கேட்போனுக்கு ஆழமாகவும் ஒரே குரல் ஒலிக்கவேண்டும். மர்மக் கதை வாசிப்பின் முழுச் சோதனையும் அதுவே.

புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவன் பொறுமையிழந்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம். வருணனைகளைத் தாண்டிச் செல்லலாம். ஐயம் தோன்றிய இடத்துக்கு மீண்டு வரலாம். செவியால் நுகர்வோனுக்கு இச்சுதந்திரங்கள் எளிதில் வாய்ப்பதில்லை. கதை எந்த வேகத்தில் நடக்கவேண்டும், எந்தக் கதவு எப்போது திறக்கவேண்டும் என்பனவெல்லாம் வாசிப்போன் கையிலே இருக்கின்றன. இத்தீவுகளைச் சூழ்ந்த கடலின் நீருக்கடியில் உள்ள பாரெல்லாம் அறிந்திருந்தும், அவ்வறிவைத் தன் கையின் நிதானத்திலே மட்டும் காட்டி, ஏறியிருப்போரைக் கலக்காமற் செலுத்தும் தண்டையலைப் போல, நல்ல வாசகன் தான் அறிந்ததை வெளிக்காட்டாமலே கேட்போரை நடத்திச் செல்கிறான். அறிந்ததை உரிய காலம் வரையில் காத்துவைத்தல் என்னும் இந்த ஒரு பண்பே மற்றெல்லாப் பண்புகளுக்கும் தாய் என்பது என் துணிபு.

இப்பண்பை நம் முன்னோர் எங்கே கற்றார்கள்? புராண படனத்திலே கற்றார்கள். ஆறுமுக நாவலர் 1847 ஆம் ஆண்டின் கடைசி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தொடங்கிய பிரசங்க மரபு வேறு. நான் சொல்வது, அதற்கு முன்னரே வேரூன்றி, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பெயரிட்டுப் போற்றுமளவுக்கு இந்நாட்டு வாழ்க்கையோடு கலந்துபோன படிப்பு. மண்டபத்திலே இருவர் அமர்வர்; ஒருவர் வாசிப்பவர், மற்றவர் பயன் சொல்பவர். வாசிப்பவர் செய்யுளை முதலில் இராகத்தோடு முழுதாக எடுத்தோதுவார்; பின்னர் அதனைப் பதம் பிரித்துச் சிறு சிறு துண்டாகக் கொடுப்பார்; ஒவ்வொரு துண்டுக்கும் பயன் சொல்பவர் பொருள் விரிப்பார்; விரிக்கும்வரையில் வாசிப்பவரின் சுட்டுவிரல் ஏட்டிலே அந்த வரியிலேயே நிற்கும். அடுத்த வரியில் என்ன வரப்போகிறதென்று இருவரும் நன்கறிவர். கேட்டிருக்கும் கிழவியும் அறிவாள். எனினும் அந்த விரல் நகரும்வரையில் ஒருவரும் அடுத்த வரிக்குத் தாவுவதில்லை.

கந்தபுராணத்து மகேந்திர காண்டத்திலே வீரவாகு தேவர் முருகனின் தூதராய்ச் செல்லும் பகுதியை இம்முறையிலே கேட்டவர்கள் நான் சொல்வதை உடனே ஒப்புக்கொள்வார்கள். பகைவன் நகரத்துள்ளே தனியொருவராய் நுழைதல், காவலர் கண்ணிற் படாமற் செல்லுதல், சிறைப்பட்டிருக்கும் இந்திரன் மகன் சயந்தனைக் கண்டு தேற்றுதல், அதன்பின் சூரபன்மனின் அவைக்களத்திலே அஞ்சாது தோன்றுதல் என அடுக்கடுக்காக நிகழும் அச்சம்பவங்கள், இன்றைய ஒற்றர் கதைகளுக்கு எவ்வாற்றானும் குறைந்தவையல்ல. வென்று மீள்பவர் வீரவாகு என்பது மண்டபத்திலுள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும். தெரிந்திருந்தும் மூச்சடக்கிக் கேட்கிறோம். இங்கே வாசிப்பவர் சூரனுடைய வாக்கைச் சூரனுக்குரிய கம்பீரத்தோடே வாசிக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அழியப்போகிறவன் என்பதற்காக அவன் குரலைக் கீழ்மைப்படுத்துவதில்லை. கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் அவனுக்குக் கொடுத்த பெருமையை வாசிப்பவர் பறிப்பதில்லை. குற்றவாளிக்கு முதல் அத்தியாயத்திலேயே கரகரத்த குரலைக் கொடுத்துக் கதையைக் காட்டிக்கொடுத்துவிடுகிற சில ஒலிநூல் வாசகர்கள் ஒரு வருஷமாயினும் இம்மண்டபங்களில் வந்து அமர்ந்திருந்தால் அப்பிழையை விட்டொழித்திருப்பர்.

முடிவு தெரிந்த கதை எவ்வாறு திகிலூட்டும் என்னும் கேள்விக்கு இன்னொரு சான்று கண்ணகியின் வழக்கு. களவுக் குற்றம், விசாரணையின்றி நிகழ்ந்த கொலை, அரசவையிலே நடந்த வாதம், சிலம்பினுள்ளிருந்த பரல் முத்தா மாணிக்கமா என்னும் தடயம், அத்தடயம் உடைபட்டு உண்மை தெறித்த கணம் ஆகிய இவையெல்லாம் துப்பறியும் இலக்கியத்தின் உறுப்புகளே. மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகை அம்மன் கோயில்களிலே வைகாசிச் சடங்கின்போது வழக்குரை பாடப்பெறுகிறது. யாழ்ப்பாணத்திலே கோவலனார் கதை என்னும் பெயரால் அதே வரலாறு வழங்கி வந்தது. சிலம்பு உடையப்போவதை அறிந்தே ஆண்டுதோறும் கூடுகிற அக்கூட்டத்துக்கு, அது உடையும் இடம் வரும்போது ஆண்டுதோறும் உடல் சிலிர்க்கிறது. இச்சிலிர்ப்பை உண்டாக்குவது செய்தியின் புதுமை என்று சொல்ல இடமில்லை. செய்தி வந்துசேரும் வழியிலே குரல் கடைப்பிடிக்கும் நிதானமே அதனை உண்டாக்குகிறது. துப்பறியும் கதையை ஒருமுறைக்குமேற் படிக்க முடியாதென்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் மறுமொழி இதுதான்.

கோயிலுக்கு வெளியேயும் இக்கலை வளர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலே, ஒருவர் பத்திரிகையையும் தொடர்கதையையும் உரக்க வாசிக்க, மற்றையோர் கேட்டபடியே சுருட்டுச் சுற்றும் வழக்கம் இருந்தது. அத்தொழில் கைகளையும் கண்களையும் வாங்கிக்கொள்ளுமேயன்றிக் காதை வாங்குவதில்லை. ஈரம் தெளித்துப் பதப்படுத்திய இலையை விரித்து, நரம்பை நீக்கி, உள்ளிலையை வைத்து உருட்டி, மேலிலையைச் சுற்றி ஒட்டுகிற அவ்விரல்களின் வேலையிலே பெருத்த ஓசை எதுவுமில்லை. கொட்டில் முழுவதும் ஒரு குரலுக்காகவே ஒழிந்து கிடக்கும். கொலை நிகழ்ந்த வீட்டின் கதவைத் துப்பறிவோன் திறக்கும் வேளையிலே, சுற்றிக்கொண்டிருந்த கையெல்லாம் ஒருகணம் நின்று பின் நடந்திருக்கும் என்று நினைக்கையில் எனக்கு அந்த வாசகன்மேற் பொறாமையே உண்டாகிறது.

இதே காட்சி, இந்நாட்டைப் பற்றி ஒன்றும் அறியாத கியூபாத் தீவிலே ஹவானா நகரத்துச் சுருட்டுச் சாலைகளிலும் நிகழ்ந்தது என்பது வியப்புக்குரியது. 1865 ஆம் ஆண்டிலே எல் ஃபிகாரோ என்னும் ஆலையிலே தொடங்கிய அவ்வழக்கத்தில், வாசிப்போனுக்குத் தொழிலாளர்களே தங்கள் ஊதியத்திலிருந்து பங்கு திரட்டிக் கொடுத்தார்கள். இதனால் தொழிலாளர் விழித்தெழுவர் என்று அஞ்சிய ஸ்பானிய ஆட்சியாளர் அடுத்த ஆண்டே அதனைத் தடைசெய்தனர். தடையைக் கடந்தும் வாசிப்பு நிலைத்தது. அங்கே மிக விரும்பிக் கேட்கப்பட்டவற்றுள் ஒன்று அலெக்சாந்தர் தூமா எழுதிய மொந்தே கிறிஸ்தோ கோமகனின் கதை; பொய்க் குற்றம் சாட்டிச் சிறையிலிட்டவர்களைத் தேடிப் பழிதீர்க்கும் அக்கதையின் பெயரையே 1935 இல் தோன்றிய ஒரு சுருட்டு வகைக்கும் இட்டார்கள். புகையிலை விளைகின்ற இரண்டு தீவுகளிலே, ஒன்றையொன்று அறியாமலே, மனிதர் தம் கைத்தொழிலின் அயர்ச்சிக்கு ஒரே மருந்தைக் கண்டுகொண்டனர். சுருட்டையும் சரக்கையும் கொண்டு தென்னிலங்கை எங்கும் கடை வைத்த வணிகர்கள் நிறைந்த இத்தீவகத்தில் இச்செய்தியைச் சொல்வது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

வானொலியைப் பற்றி விரிவாகப் பேச ஒரு தனிச் சொற்பொழிவு வேண்டும். 1925 இல் கொழும்பிலே தொடங்கிய ஒலிபரப்பு, பின்னர் இலங்கை வானொலியாகி, ‘சானா’ என்று யாவரும் அழைத்த சண்முகநாதன் முதலியோரின் உழைப்பால் தமிழ் நாடகத்துக்கு ஒரு வீடாயிற்று. ஊர்காவற்றுறையின் பெயரைத் தம் பெயரோடு சூடிக்கொண்ட காவலூர் இராசதுரை அங்கே பணியாற்றியவர் என்பது இத்தீவுக்குரிய பெருமை. ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியிலே ஒரு குரல் ஒரு கதையை வாசித்துச் செல்ல, இடையிடையே பாடல்கள் ஒலிக்கும் அந்த அமைப்பை அடுக்களையிலும் திண்ணையிலும் இருந்து கேட்டு வளர்ந்த செவிகளுக்கு ஒலிநூல் புதிய விருந்தாளியன்று. 1990 களின் தொடக்கத்திலே இத்தீவகத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்து வலிகாமத்து வீடுகளிலும் பாடசாலைகளிலும் தங்கியிருந்த காலத்தில், மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை; துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தைக் கம்பிவழியாக வானொலிப் பெட்டிக்குக் கொடுத்துக் கேட்டார்கள். சுழற்றும் கை தளர்ந்தால் குரலும் தளரும். ஆகையால் ஒருவர் மாறி ஒருவர் சுழற்றினார்கள். குரலொன்றைக் கேட்பதற்கு மனிதர் எவ்வளவு உழைக்கச் சித்தமாயிருக்கிறார்கள் என்பதற்கு இதனினும் மேலான அத்தாட்சியை நான் அறியேன்.

இனி, தமிழிலே மர்மக் கதை வாசிப்போர் எதிர்கொள்ளும் சில நுட்பங்களுக்கு வருகிறேன். அவற்றுள் முதலாவது நம் மொழியின் அமைப்பிலிருந்தே பிறக்கிறது. தமிழ் வாக்கியத்திலே பயனிலை இறுதியில் நிற்பதால், ஒரு பாத்திரம் பத்து வரி பேசி முடித்த பின்னரே, ‘என்றான்’ அல்லது ‘என்றாள்’ என்னும் சொல்லைக் கண்டு பேசியவர் யாரென்று அறிகிறோம். கண்ணுக்கு இது இடரன்று. மேற்கோட் குறியும் புதிய பத்தியும் உதவிக்கு வருகின்றன. கண் ஒரு நொடியிலே வாக்கியத்தின் கடைசிக்குப் போய்த் திரும்பிவிடுகிறது. காதுக்கு அவ்வசதி இல்லை. ஆகவே, பேசுபவர் யாரென்பதை முதற் சொல்லிலேயே கேட்போன் உணரும்படி வாசித்தல் வேண்டும். இதற்கென்று ஆணுக்கு ஒரு தடித்த குரல், பெண்ணுக்கு ஒரு கீச்சுக் குரல், கிழவருக்கு ஓர் இருமல் என்று வேஷம் புனைவது மூன்றாந்தர வழி. குரலின் உயரத்தை மாற்றாமல், அதன் நடையை மாத்திரம் மாற்றினாலே போதும். அவசரக்காரன் சொற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பேசுவான். எண்ணிப் பேசுகிறவள் வினைச்சொல்லுக்கு முன் சிறிது தங்குவாள். அதிகாரி கேள்வியையும் கட்டளையைப் போலவே முடிப்பான். நல்ல வாசகர்கள் பெரும்பாலும் இந்த மூன்று நான்கு மாற்றங்களைக்கொண்டே இருபது பாத்திரங்களை நடத்திவிடுகிறார்கள்.

மாறுவேடம் இதனிலும் கடினமானது. வடுவூர் துரைசாமி ஐயங்காருடைய நாவல்களிலே திகம்பர சாமியார் வேடம் மாறிச் சென்று துப்பறிகிறார். 1950 இல் அக்கதை திரைப்படமானபோது எம்.என். நம்பியார் பல வேடங்களில் தோன்றி நடித்தார். திரையிலே மீசையும் தலைப்பாகையும் வேடத்தைச் சுமக்கின்றன. ஒலிநூலிலோ வேடம் முழுவதையும் குரலே சுமக்கவேண்டும். வேடத்தில் வந்தவரின் பேச்சை வாசிக்கையிலே, கேட்போன் அவரை இனங்கண்டுகொள்ளக் கூடாது. உண்மை வெளிப்பட்ட பின்னர், ‘ஆம், அந்தத் தயக்கம் அப்போதே காதில் விழுந்ததே’ என்று அவன் நினைவுகூரவும் வேண்டும். இதற்கு வாசகன் நூலை முழுதும் ஒருமுறை மௌனமாகப் படித்து, எந்தப் பாத்திரத்துக்கு எந்த ஒரு சிறு வழக்கத்தை நிலையாகக் கொடுப்பதென்று தீர்மானித்துக்கொண்ட பிறகே ஒலிவாங்கியின்முன் அமர்தல் வேண்டும்.

துப்பு எனப்படும் தடயங்களை வாசிக்கும் முறையிலே பலர் தடுமாறுகிறார்கள். ஒரு கதையிலே துப்பறிவோன் அறைக்குள் நுழைந்து, பாதி குடித்த தேநீர்க் கோப்பையையும், நின்றுபோன மணிக்கூட்டையும், மூலையில் சாத்திவைத்த நனைந்த குடையையும் காண்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றத்தை வெளிப்படுத்தப்போவது குடை. வாசிப்பவர் குடை என்ற சொல்லிலே குரலைத் தாழ்த்தி ஒரு கணம் தங்கினால், கேட்போனுடைய ஆராய்ச்சிக்கு வேலையே இல்லாமற் போகிறது. அதனை மறைப்பதாக எண்ணி விரைந்து விழுங்கிவிட்டாலோ, கண்ணால் படிப்பவனுக்குக் கிடைத்த நியாயம் காதால் கேட்பவனுக்குக் கிடைக்காமற் போகிறது. அவன் பக்கத்தைப் புரட்டித் தேடமுடியாதவன். மூன்று பொருள்களையும் மூன்று சம அளவான இடைவெளியோடு, ஒவ்வொன்றும் தனித்தனி காட்சியாக மனத்திற் படியுமாறு வைத்துவிட்டு நகர்தலே நேர்மை. சொல்வதற்கு எளிது, செய்வதற்கு மிகுந்த அடக்கம் வேண்டும்.

சுஜாதாவின் நாவல்கள் வேறொரு சிக்கலைத் தருகின்றன. அவருடைய வழக்கறிஞர் பாத்திரங்களான கணேஷும் வசந்தும் பேசிக்கொள்ளும் இடங்களிலே பேசியவர் பெயரைக் குறிக்காமலே பேச்சு பந்துபோற் பறக்கும். படிக்கட்டிலே இறங்குவதைக் காட்ட எழுத்துக்களையே படிபோல அடுக்கிக் காட்டியவர் அவர். அச்சுக்கே உரிய இவ்விளையாட்டை ஒலியாக மாற்ற வாசகன் தன் வேகத்தையே நம்பவேண்டும். எழுத்து ஒவ்வொன்றாய் இறங்குவதுபோலச் சொல்லை அசையசையாக இறக்கி வாசிக்கலாம். அச்சிலுள்ள அழகுக்கு ஒலியிலே ஓர் இணையைத் தேடிக் காண்பதும் வாசகனின் கடமையென்றே நான் கருதுகிறேன்.

பின்னணி இசையைப் பற்றி என் அபிப்பிராயம் சிறிது கடுமையானது. தமிழில் வெளிவரும் மர்ம ஒலிநூல்கள் பலவற்றிலே, ஆபத்து வருமுன்னரே முரசொலி வந்துவிடுகிறது. கதவு கிறீச்சிடுவதற்கு முன்னரே வயலின் கிறீச்சிடுகிறது. அச்சத்துக்கு முன்னறிவித்தல் கொடுத்தால் அச்சம் எவ்வாறு எஞ்சும்? கல்கியின் பொன்னியின் செல்வனைப் பாம்பே கண்ணன் பல குரல்களால் நாடகப் பாங்கிலே ஒலிநூலாக்கியது பெருமுயற்சி. ஆதித்த கரிகாலனின் கொலை என்னும் மர்மத்தை நடுவில் வைத்திருப்பினும், அடிப்படையில் அது அரசவையும் கடலும் கோட்டையுமாக விரிந்த காவியமாகையால் அவ்வமைப்பு அதற்கு இயைந்தது. ஒரு வீடு, ஐந்தாறு பேர், ஒரு கொலை என்று அமைந்த துப்பறியும் கதைக்கு ஒற்றைக் குரலே சிறந்தது. பல குரல் இருக்குமிடத்திலே, பெயர்பெற்ற நடிகர் எந்தப் பாத்திரத்தை ஏற்றார் என்பதே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே குரலிலிருந்து எல்லோரும் பேசும்போதுதான் எல்லோர்மேலும் ஐயம் சமமாக நிற்கிறது.

இறுதியாக உச்சரிப்பைப் பற்றியும் நம் நாட்டு வழக்கைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இன்று கைத்தொலைபேசியிலே கிடைக்கும் தமிழ் ஒலிநூல்களின் பெரும்பகுதி தமிழ்நாட்டு வாசகர்களின் குரலிலே அமைந்தவை. அவற்றுள் மிகச் சிறந்தவை உண்டு. நான் அவற்றை விரும்பிக் கேட்பவன். ஆயினும் ஈழத்துக் கதைகள் நம் நாவால் வாசிக்கப்பட வேண்டியவை. ‘பேந்து’ என்றும் ‘மெய்யே’ என்றும் ‘உவன் எங்கை போட்டான்?’ என்றும் வரும் பேச்சை, அம்மொழியில் வளராத நா, எத்துணை அன்போடு முயன்றாலும், பிறர் சட்டையை அணிந்ததுபோலவே ஒலிக்கச்செய்யும். செங்கை ஆழியானுடைய ‘வாடைக்காற்று’ நமக்கு அண்மையிலுள்ள நெடுந்தீவுக் கரையைக் களமாகக் கொண்டது. அவருடைய ‘யானை’, காட்டு யானையொன்றைத் தேடிச் செல்லும் மனிதனின் கதையாய், தமிழிலுள்ள விறுவிறுப்பான நாவல்களுள் ஒன்றாய் விளங்குகிறது. இவற்றைத் தீவகத்து நா ஒன்று முழுமையாக வாசித்துக் கேட்கும் பாக்கியம் நமக்கு வாய்க்கவேண்டும்.

இது வெறும் ஊர்ப்பற்றினாற் சொல்வதென்று கருதவேண்டாம். இத்தீவகத்தின் பிள்ளைகளுடைய பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வளர்கிறார்கள். அவர்களுட் பலருக்குத் தமிழ் எழுத்து வசப்படவில்லை. பாட்டியோடு கதைக்கும் அளவுக்குத் தமிழ் செவிக்குத் தெரியும். புத்தகம் அவர்களுக்கு மூடிய கதவு. குரல் திறந்த கதவு. அறிவுரைக் கட்டுரையை அந்த வயதுப் பிள்ளை அரை மணி நேரம் கேட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கொலைகாரன் யாரென்று அறியும் ஆவல் அப்பிள்ளையை எட்டு மணி நேரம் தமிழிலே கட்டிவைக்கும். கைதடியிலுள்ள நவீல்ட் பாடசாலையிலும் சுன்னாகத்து வாழ்வகத்திலும் கல்வி பெறும் கட்புலன் குறைந்த மாணவர்களுக்கும் பாடநூலுக்கப்பால் ஆனந்தத்துக்காகக் கேட்கும் நூல் வேண்டும். 1935 ஆம் ஆண்டிலே பிரித்தானிய வீரருக்குக் கிடைத்த அவ்வின்பம் நம் பிள்ளைக்கும் உரியதே.

ஆகவே இம்மண்டபத்திலே கூடியிருக்கும் உங்களிடம் ஒரு விண்ணப்பத்தை வைக்கிறேன். வடுவூர் துரைசாமி ஐயங்கார் 1942 இல் மறைந்தவர். அவருடைய நூல்களை வாசித்துப் பதிய இன்று எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. செங்கை ஆழியான் 2016 இல் மறைந்தவர். அவருடைய நூல்களுக்கு அவர் குடும்பத்தாரின் இசைவை எழுத்திலே பெறவேண்டும். அக்கடிதத்தை எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன். பதிவுக்குப் பெரிய கலையகம் தேவையில்லை. சுவர்களிலே தடித்த போர்வைகளைத் தொங்கவிட்ட ஒரு சிறிய அறை, காற்றாடியை நிறுத்திவிட்ட இரவு நேரம், ஒரு நல்ல ஒலிவாங்கி, வாயிலிருந்து அதன் தூரம் மாறாமல் அமர்ந்திருக்கும் பொறுமை ஆகிய இவையே வேண்டும். கோயில்களிலே புராணம் வாசித்தும் பயன் சொல்லியும் பழகிய பெரியோர்கள் இவ்வூரிலும் சரவணையிலும் நாரந்தனையிலும் வேலணையிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இளையோர் சிலரை அருகில் இருத்தி, மூச்சை எங்கே எடுப்பது, வரியை எங்கே பிரிப்பது, அறிந்ததை எப்படிக் காத்துவைப்பது என்பவற்றைக் கற்பிக்க இசைவாராயின், அடுத்த ஆண்டு இச்சொற்பொழிவு நாள் வருவதற்குள் ஒரு நூலாயினும் முழுமையாகப் பதிவாகிவிடும். வாசிக்க விரும்புவோரும் கற்பிக்க விரும்புவோரும் கூட்டம் முடிந்ததும் வாயிலிலுள்ள ஏட்டிலே தத்தம் பெயரைப் பதிந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.